சளியில் டிபி கிருமி இல்லை, ஆனாலும் ஆறு மாசம் டிபி மாத்திரை!

ஆஸ்துமாவுக்கு என்னென்ன ஆகாது என்று ஊருக்கு ஊர் ஒரு பட்டியல் இருக்கிறது. தூசி ஆகாது, ஐஸ் தண்ணி ஆகாது, வாழைப்பழம் ஆகாது, மழையில் நனையக் கூடாது, பூனையைத் தூக்கக் கூடாது. பக்கத்து வீட்டுப் பாட்டி முதல் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரை எல்லாரும் இதை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பாலும் இடமே பிடிக்காத ஒரு ஆசாமி இருக்கிறார். பழைய ரொட்டியிலும், ஊறுகாய் ஜாடி மூடியிலும், மழைக்காலத்தில் சுவரிலும் பூக்கிற பூஞ்சைதான் அது.

பாட்டி மறந்தால் பரவாயில்லை. டாக்டர்களும் மறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இங்கே பிரச்சினை.

இது நேற்று கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1698-இல் ஆஸ்துமா பற்றிப் புத்தகம் எழுதிய இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஃப்ளோயர் (அவரே ஒரு ஆஸ்துமாக்காரர்), திராட்சை ரசம் புளித்துக்கொண்டிருந்த நிலவறைக்குள் போன ஒருவருக்குக் கடுமையாக இளைப்பு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார். 1873-இல் சார்லஸ் பிளாக்லி பூஞ்சை வித்துக்களைத் தானே மூக்கால் இழுத்துப் பார்த்து, நெஞ்சு அடைத்து, குரல் கம்மிப்போய், அதை எழுதியும் வைத்தார். 1924-இல் கனடாவின் மானிடோபாவில் கோதுமைத் துரு என்ற பூஞ்சை விவசாயிகளுக்கு ஆஸ்துமா கொடுப்பதை கேடம் என்ற மருத்துவர் காட்டினார். 1952-இல் இங்கிலாந்தில், மூச்சுக்குழாய்க்குள்ளேயே பூஞ்சை குடியேறி ஒவ்வாமை உண்டாக்கும் நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதன் பெயரை ஆங்கில எழுத்துக்களில் சுருக்கி ஏ.பி.பி.ஏ. என்கிறார்கள். முந்நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயத்தை இன்னமும் "அபூர்வமான கேஸ்" என்று தள்ளி வைப்பதை என்னவென்று சொல்வது?

சரி, அந்த ஆசாமி யார்? அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ். மக்கிய இலை, வைக்கோல், எருக்குழி, ஈரச்சுவர் என்று எங்கும் வளரும். இதன் வித்து 2 முதல் 3 மைக்ரான் அளவுதான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்கு. மகரந்தத் துகள் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும், இது நேராக நுரையீரலின் அடிவரை போய்விடும். போதாக்குறைக்கு, மனித உடம்பின் 37 டிகிரி சூட்டில் சுகமாக வளரும். எல்லா மனிதர்களும் தினமும் இந்த வித்துக்களைச் சுவாசிக்கிறார்கள். ஆரோக்கியமான உடம்பு சத்தமில்லாமல் துடைத்துப் போட்டுவிடும். சில ஆஸ்துமாக்காரர்களின் உடம்போ இதைப் பார்த்ததும் போர் தொடுக்கிறது. வெளியேற வேண்டிய வித்து, கெட்டியான சளிக்குள் மாட்டிக்கொண்டு முளைக்கிறது. உடம்பு இன்னும் கோபப்படுகிறது. சளி இன்னும் கெட்டியாகிறது. இப்படியே வருஷக்கணக்கில் போனால் மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்து போகும். விரிந்தது விரிந்ததுதான், திரும்பச் சுருங்காது.

எத்தனை பேருக்கு இது இருக்கிறது? சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தின் ரித்தேஷ் அகர்வால் குழு, உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2009-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதன்படி ஆஸ்துமா நோயாளிகளில் 28 சதவீதம் பேருக்கு அஸ்பெர்ஜில்லஸ் ஒவ்வாமை. சுமார் 13 சதவீதம் பேருக்கு ஏ.பி.பி.ஏ. நோயே இருந்தது. இவை பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு வந்தவர்களின் கணக்கு, அங்கே வருவதே முற்றிய கேஸ்கள்தானே என்று ஒருவர் கேட்டால், நியாயமான கேள்விதான். அதனால்தான் மான்செஸ்டரின் டேவிட் டென்னிங் குழு 2013-இல் ரொம்ப அடக்கமாக, ஆஸ்துமா உள்ள பெரியவர்களில் 2.5 சதவீதம் என்று மட்டும் வைத்துக் கணக்குப் போட்டது. அப்படிப் போட்டும் உலகத்தில் 48 லட்சம் பேர் வந்தார்கள். 48 லட்சம் பேருக்கு இருக்கிற நோய்க்கு "அபூர்வம்" என்று பெயரா?

அஸ்பெர்ஜில்லஸ் ஒன்றுதான் என்றும் இல்லை. ஆல்டர்னேரியா என்று இன்னொரு பூஞ்சை. ஆஸ்துமா தாக்கி மூச்சே நின்றுபோன 11 இளம் வயதினரைப் பற்றி அமெரிக்காவில் 1991-இல் ஒரு ஆய்வு வந்தது. அந்த 11 பேரில் 10 பேருக்கு ஆல்டர்னேரியா ஒவ்வாமை இருந்தது. மூச்சு நிற்காத மற்ற ஆஸ்துமாக்காரர்களில் அது 31 சதவீதம்தான். ஆக, பூஞ்சை ஒவ்வாமையைத் தும்மல் சமாச்சாரமாக நினைத்து விட்டுவிட முடியாது. உயிர் சமாச்சாரம்.

இப்போது தலைப்புக்கான விஷயம். இந்தியாவில் பல வருஷமாக இளைப்பு உள்ள ஒருவருக்கு இருமல் அதிகமாகிறது. சளி பழுப்பு நிறத்தில் கட்டி கட்டியாக வருகிறது. சில சமயம் ரத்தம். லேசாகக் காய்ச்சல், எடை குறைவு. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலில் வெள்ளைத் திட்டு. உடனே முடிவு: டிபி! சளியில் கிருமி தெரியவில்லையா? "பரவாயில்லை, சில பேருக்குத் தெரியாது, மாத்திரையை ஆரம்பிங்க." ஆறு மாசம் மாத்திரை. சிறுநீர் ஆரஞ்சுக் கலரில் போகிறது, வாந்தி வருகிறது. வீட்டில் தட்டு தனி, டம்ளர் தனி. கல்யாணப் பேச்சு நிற்கிறது. ஆறு மாசம் கழித்தும் இருமல் அப்படியே இருக்கிறது. அடுத்த டாக்டர் என்ன சொல்கிறார்? "மருந்துக்கு அடங்காத டிபியா இருக்கும்!"

இது கற்பனை இல்லை. சண்டிகர் குழு 2006-இல் 126 ஏ.பி.பி.ஏ. நோயாளிகளைப் பற்றி எழுதியது. அவர்களில் 59 பேர், அதாவது 47 சதவீதம், ஏற்கனவே டிபி மருந்து சாப்பிட்டு வந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர்!

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. டிபி மருந்துகளில் முக்கியமானது ரிஃபாம்பிசின். அது கல்லீரலை முடுக்கிவிட்டு ஸ்டீராய்டு மருந்தை வேகமாகச் சிதைக்க வைக்கும். பூஞ்சைக் கொல்லியான இட்ராகொனசோலையும் அப்படியே செய்யும். ஏ.பி.பி.ஏ.வுக்கு உண்மையான மருந்துகள் இந்த இரண்டும்தான். ஆக, தவறான மருந்து சும்மா இருப்பதில்லை, சரியான மருந்தின் காலையும் வாரிவிடுகிறது.

"டிபி அதிகமாக உள்ள நாட்டில் டாக்டர் முதலில் டிபியைத்தானே நினைப்பார்?" என்று சிலர் வக்காலத்து வாங்குவார்கள். நினைக்கட்டும், நினைக்கத்தான் வேண்டும். டிபி இருக்கிறவருக்கு அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவும் ஆபத்துதான். ஆனால் சிபிநாட், ட்ரூநாட் என்று சில மணி நேரத்தில் கிருமியின் மரபணுவையே தேடிச் சொல்லும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. அவையும் "இல்லை" என்று சொன்ன பிறகு, நோயாளி பல வருஷ ஆஸ்துமாக்காரர் என்று தெரிந்த பிறகு, வேறு எதையும் தேடாமல் டிபி என்றே எழுதுவதற்குப் பெயர் ஜாக்கிரதை இல்லை. பழக்கதோஷம்.

"எல்லா ஆஸ்துமாக்காரருக்கும் டெஸ்ட் எடுத்தால் செலவு?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. தேவைப்படுவது ஒரு ரத்தப் பரிசோதனை. அஸ்பெர்ஜில்லஸுக்கு எதிரான ஐ.ஜி.ஈ. ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. அது இருந்தால் மட்டுமே அடுத்த கட்டம். ஆறு மாச டிபி மருந்து, வேலைக்குப் போகாத நாள், திரும்பத் திரும்ப எடுக்கும் ஸ்கேன், கடைசியில் கெட்டுப்போன நுரையீரல், இவற்றின் செலவை யார் கணக்குப் பார்த்தார்கள்? பூஞ்சை நோய்களுக்கான சர்வதேச நிபுணர் குழு 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரிய மருத்துவமனைகளில் புதிதாக ஆஸ்துமா கண்டறியப்படும் பெரியவர்கள் எல்லாருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்கிறது. மொத்த ஐ.ஜி.ஈ. அளவு 1000-க்கு மேல் இருந்தால்தான் ஏ.பி.பி.ஏ. என்று 2013-இல் இருந்த வரம்பையும் 500 ஆகக் குறைத்துவிட்டது. அந்தக் குழுவில் முன்னால் நிற்பவர்களும் இதே சண்டிகர்க்காரர்கள்தான். உலகத்துக்கே பாடம் எடுக்கிற அறிவு இந்த நாட்டிலேயே இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரி வரை அது வந்து சேரவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

மருந்தும் இல்லாமல் இல்லை. சண்டிகரில் 131 பேரிடம் நடந்து 2018-இல் வெளிவந்த ஆய்வில், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட அத்தனை பேருக்கும் ஆறு வாரத்தில் பலன் தெரிந்தது. இட்ராகொனசோல் சாப்பிட்டவர்களில் 88 சதவீதம் பேருக்குப் பலன், பக்கவிளைவும் குறைவு. (இதைப் படித்துவிட்டு யாரும் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடக் கூடாது. சில இன்ஹேலர் மருந்துகளோடு இட்ராகொனசோல் சேர்ந்தால் உடம்பில் ஸ்டீராய்டு எக்கச்சக்கமாக ஏறிவிடும். டாக்டர் இல்லாமல் ஆகாது. ஒவ்வாமை டெஸ்ட் பாசிட்டிவ் என்றாலே நோய் என்றும் அர்த்தம் இல்லை.)

அதனால் கேட்க வேண்டியது பெரிய புரட்சி எதுவும் இல்லை. இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் இளைப்பு அடங்காத ஒவ்வொருவருக்கும் பூஞ்சை டெஸ்ட். சளியில் கிருமி இல்லாத ஆஸ்துமாக்காரருக்கு டிபி என்று எழுதும் முன் அதே டெஸ்ட். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலாவது அதற்கு வசதி. இவ்வளவுதான்.

நோயாளியும் வீட்டுக்காரர்களும் வாய் திறந்து ஒரு கேள்வி கேட்கலாம். "டாக்டர், இது பூஞ்சை அலர்ஜியா இருக்குமா?" நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்படுகிற டாக்டரிடம் ஆறு மாசம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதற்கு முன்னால் இன்னொருவரைப் பார்ப்பது நல்லது.