இரும்புக்கு எடைச்சீட்டு உண்டு... எண்ணெய்க்கு?

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் ஒரு லாரி கம்பி கைமாறினால் எடைமேடைச் சீட்டு உண்டு. காலி வண்டி எவ்வளவு, சரக்கோடு எவ்வளவு, எத்தனை மணிக்கு எல்லாம் அதில் இருக்கும். நாளைக்குத் தகராறு வந்தால் அந்தச் சீட்டுதான் பேசும். அதே சாத்தாங்காட்டுக்கு ஒரு பக்கம் மணலி ஆலைகள், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய். ஆலைப் பக்கத்திலிருந்து கால்வாய்க்கு எண்ணெய் போனால் மட்டும் சீட்டு போட ஆளில்லை!

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். 2017 ஜனவரி 28 விடியற்காலை எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்கள் மோதின. கசிவே இல்லை என்பதுதான் முதல் பேச்சு. அடுத்து 20 டன் என்றார்கள். கடைசியில் கரையில் அள்ளிய கசடே நூறு டன்னைத் தாண்டியது. கசடில் மணலும் கடல்நீரும் கலந்திருக்கும், உண்மைதான். அதனால்தான் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எத்தனை வாளி அள்ளினார்கள், அதில் எண்ணெய் எவ்வளவு என்று அங்கேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் ஆளுக்கொரு எண்ணிக்கை. யார் குரல் பெரிதோ அவர் எண்ணிக்கை ஜெயிக்கும்.

சரி, அன்றைக்குத் தலைமை யார்? எண்ணெய்க் கசிவுக்கென 1996லிருந்தே தேசியத் திட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி ஒருங்கிணைப்பது கடலோரக் காவல்படை. துறைமுக எல்லைக்குள் துறைமுகம். கரைக்கு வந்துவிட்டால் மாநில அரசு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்ணெய்க்கு எல்லைக்கோடு தெரியுமா? துறைமுகம் திருவள்ளூர் மாவட்டம். திருவொற்றியூர் 2011லிருந்து சென்னை மாநகராட்சி, ஆனால் 2018 வரை மாவட்டம் திருவள்ளூர். காசிமேடும் மெரினாவும் சென்னை மாவட்டம். எண்ணெய் இத்தனையையும் தாண்டிப் போனது. கரையில் வாளியோடு நின்றவர்கள் மீனவர்கள், தொழிலாளர்கள், மாணவர்கள். அவர்களின் பெயரும் அள்ளிய நாட்களும் பதிவாகாமல் போனால், பத்து வருடம் கழித்து ஒருவருக்குத் தோல் நோயோ மூச்சுக் கோளாறோ வந்தால் எதை வைத்துக் கேட்பார்?

பாடம் படித்தார்களா? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கருப்பு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. தங்கள் குழாய்களில் கசிவு இல்லை என்றது சி.பி.சி.எல். அந்த ஆலையின் மழைநீர் மேலாண்மையில்தான் குறை என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கடலோரக் காவல்படை வானிலிருந்து பார்த்து 20 சதுர கிலோமீட்டர் என்றது. மறுபடியும் அதே வாளி, அதே வெறுங்கை. அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2,300 குடும்பங்களுக்குத் தலா 12,500, 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, 787 படகுகளுக்குத் தலா 10,000. ஒரு குடும்பத்துக்கு 12,500ஆ, 7,500ஆ, ஒன்றுமே இல்லையா என்று முடிவு செய்வது ஒரு பட்டியல். பதிவேடு என்பது குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அதே மாதம் 26ந்தேதி நள்ளிரவு பெரியகுப்பத்தில் கோரமண்டல் ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஜனங்கள் மூச்சுத் திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தெருவில் ஓடினார்கள். பிறகு வந்த அளவீட்டைப் பாருங்கள். இரவு 12.45க்கு ஆலை வாசலில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம். அனுமதிக்கப்பட்டது 400. மறுக்க முடியாத எண், ஏனென்றால் நேரத்தோடு எழுதப்பட்ட எண். எல்லாத் தகவலும் இப்படி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"உயிர் போகிற நேரத்தில் யாரய்யா நோட்டு எழுதுவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி மாதிரி தெரியும். ஆனால் 1970ல் கலிபோர்னியாவில் பெரும் காட்டுத்தீ வந்தபோது, பல துறைகள் வந்தும் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று தெரியாமல் குழம்பினார்கள். அதற்குப் பிறகு உருவானதுதான் ஒரே தலைமை, எழுதி வைக்கும் தனி ஆள் என்ற முறை. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் 2010ல் அதே மாதிரி ஒரு வழிகாட்டி போட்டது. மாவட்டத்தில் பொறுப்பு ஆட்சியருக்கு, களத்தில் ஒரு தளபதி, ஆவணத்துக்கென்றே ஒரு பிரிவு, நிரப்பப் படிவங்கள். அள்ளுகிறவர் எழுத வேண்டாம், எழுதுவதற்கென்று ஒருவர் போதும். ராத்திரி ஆள் மாறும்போது, வருகிறவருக்கு எந்தத் தெரு காலியானது, எந்தத் தெரு பாக்கி என்று அந்த நோட்டுதானே சொல்லும்? அது உயிர் காக்கிற வேலை இல்லையா?

ஆக, கேட்பது அதிகமில்லை.

1. மணலி முதல் எண்ணூர் வரை, இந்த இந்த விபத்துக்கு இன்ன பதவியில் இருப்பவர் தலைமை, அவர் இல்லாவிட்டால் இன்னார் என்று ஒவ்வொரு குப்பத்திலும் தமிழில் பலகை வைக்க வேண்டும்.

2. முதல் தகவல் வந்த நிமிடத்திலிருந்து ஒரு பதிவேடு. யார் சொன்னார், யார் கேட்டார், என்ன உத்தரவு, எத்தனை மணி. அதில் ஊர்ப் பஞ்சாயத்துக்காரர் ஒருவரின் கையெழுத்தும் வேண்டும்.

3. ஏழு நாளில் அந்தப் பதிவேட்டின் நகல் மக்கள் பார்வைக்கு.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு நோட்டும் பேனாவும் போதும். அப்படியும் செய்யவில்லை என்றால் காரணம் ஏழ்மை அல்ல. எழுதினால் யாரோ மாட்டிக்கொள்வார்கள் என்பதுதான்.