மேற்கோள் கணக்கும் வாடும் பயிரும்

விஞ்ஞானிகளின் தகுதியை எண்களால் அளக்கும் வழக்கம் நம் தேசத்தில் நாளுக்கு நாள் வலுத்து வருகிறது. ஒருவருடைய ஆராய்ச்சிக் கட்டுரையைப் பிறர் எத்தனை முறை எடுத்துக்காட்டினர் என்பதே அவருடைய உத்தியோக உயர்வுக்கும், அவர் கலாசாலையின் கீர்த்திக்கும் அளவுகோலாகிவிட்டது. 2016 முதல் மத்திய சர்க்கார் வெளியிட்டுவரும் தரவரிசையிலும் இக்கணக்கிற்கு இடமுண்டு. கிண்டி முதல் தாம்பரம் வரையிலும், அதற்கப்பாலும் கலாசாலைகள் நிறைந்த தென்சென்னை வாசிகள், பிள்ளைகளை எங்கே சேர்ப்பதென்று யோசிக்கையில் இத்தகைய எண்களையே பார்க்கின்றனர். ஆகையால் இவ்வளவுகோலின் யோக்கியதையை விசாரிப்பது அவசியமாகிறது.

விசாரணைக்குத் தக்க உதாரணம் நம் நகரத்திலேயே இருக்கிறது. டி. எஸ். சதாசிவன் 1944-ல் சென்னைச் சர்வகலாசாலையின் தாவரவியல் ஆராய்ச்சிசாலைக்குத் தலைமை ஏற்று, ஏறக்குறைய முப்பதாண்டுகள் அதை நடத்தினார். கிண்டியிலுள்ள தாவரவியல் உயர் ஆய்வு மையம் அதன் வழிவந்ததே. பருத்தியைக் கொல்லும் வாடல் நோய், அவரும் அவர் மாணவர்களும் கையிலெடுத்த முக்கியப் பொருள்களுள் ஒன்று. மண்ணில் வாழும் பியூஸேரியம் என்ற பூசணம் வேர்வழியே நுழைந்து, நீர் ஏறும் குழாய்களில் குடியேறுகிறது. இலை பழுக்கிறது, செடி வாடிச் சாய்கிறது. அவ்வினத்துப் பூசணம் ஒன்றிலிருந்து பியூஸேரிக் அமிலம் என்ற விஷத்தை ஜப்பானியர் 1934-லேயே பிரித்தெடுத்திருந்தனர். ஆனால் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த பூசணம் விஷம் கக்குவதனால், வயலில் நிற்கும் செடிக்குள்ளும் அவ்விஷம் உண்டென்று சொல்லிவிட முடியுமா? 1955-ல் கே. லக்ஷ்மிநாராயணனும் டி. சுப்பிரமணியனும் நோயுற்ற பருத்திச் செடிக்குள்ளேயே அவ்வமிலத்தைக் கண்டு, லண்டன் ‘நேச்சர்’ பத்திரிகையில் வெளியிட்டனர். வாடல் நோயைப்பற்றி எழுதும் பிறநாட்டாரும் அச்சிறு கட்டுரையை எடுத்தாண்டு வந்துள்ளனர். 1974-ல் சதாசிவனுக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அப்படியாயின் மேற்கோள் கணக்கு மெய்யான தகுதியைத்தானே காட்டுகிறது என்று சிலர் கேட்கக்கூடும். இம்முறையின் பூர்வோத்தரம் வக்கீல்களுக்கு நன்கு விளங்கும். 1873-ல் அமெரிக்காவில் பிராங்க் ஷெப்பர்டு என்பவர், ஒரு தீர்ப்பைப் பிற்காலத் தீர்ப்புகள் எங்கெங்கே எடுத்துக்காட்டின என்று அட்டவணை தொகுக்கத் தொடங்கினார். அதை முன்மாதிரியாகக் கொண்டே யூஜீன் கார்பீல்டு 1960-களில் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஆயினும் நியாயஸ்தலத்தில் முன்தீர்ப்பு பின்பற்றப்பட்டதா, வேறுபடுத்தப்பட்டதா, தள்ளப்பட்டதா என்பதே கேள்வி. நூறு முறை எடுத்துக்காட்டப்பட்டது என்ற ஒரே காரணத்தால் அது சரியான தீர்ப்பென்று எந்த வக்கீலும் வாதிக்கத் துணியார். தவறென்று தள்ளுவதற்காகவும் நூறு பேர் எடுத்துக்காட்டலாம் அல்லவா? விஞ்ஞானக் கணக்கிலோ புகழ்ச்சியும் கண்டனமும் ஒன்றாகவே கூட்டப்படுகின்றன.

தமக்குத் தாமே சாட்சி சொல்வோரும் உளர். ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் ஜான் அயோனிடிஸ் முதலியோர் 2019-ல் உலகில் மிகுதியாக மேற்கோள் காட்டப்பட்ட சுமார் 1,00,000 விஞ்ஞானிகளின் விவரத்தை வெளியிட்டனர். அவர்களுள் 250 பேருக்குக் குறையாதவர்கள், தங்கள் மேற்கோள்களில் பாதிக்கு மேல் தங்களிடமிருந்தோ தங்கள் கூட்டாசிரியர்களிடமிருந்தோ பெற்றவர்கள் என்பது அப்போது வெளியாயிற்று.

பயிர்நோய் ஆராய்ச்சிக்கு இக்கணக்கு இழைக்கும் அநீதி பெரிது. கேழ்வரகின் குலைநோயையோ, ரஸ்தாளி வாழையின் வாடல் நோயையோ ஆராய்பவர் உலகில் சிலரே. ஆகவே எடுத்துக்காட்டுவோரும் சிலரே. அவர் சொற்படி விதையை மாற்றி விளைவைக் காப்பாற்றிக்கொண்ட குடியானவர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவதில்லை; அவர் அடைந்த பலன் எந்த அட்டவணையிலும் ஏறாது. இதைக் கண்ட இளைஞர், நம் வயலின் நோயை விட்டு, அயல்நாட்டார் விரும்பும் பொருளையே நாடுவாரானால் குற்றம் அவருடையதன்று, அளவுகோல் வகுத்தவர்களுடையது. பருத்தியை வாட்டும் பூசணத்தின் இனத்தைச் சேர்ந்த வாழைப் பூசணத்தின் கொடிய நான்காம் வகை ஏற்கெனவே வட இந்தியாவில் நுழைந்துவிட்டது. இவ்வேளையில் ஆராய்ச்சியாளர் இப்பொருளைக் கைவிடுவாராயின் நஷ்டம் நம்முடையதே.

எண்ணிக்கையே வேண்டாமென்பது நம் கட்சியன்று. தரமணியில் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் ஸ்தாபித்த ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சுப்பையா அருணாசலம், இத்தகைய கணக்குகளைக் கொண்டே இந்திய விஞ்ஞானத்தின் நிலையை ஆராய்ந்தார். கட்டுரைகள் எவரும் விலையின்றிப் படிக்கும்படி வெளியாக வேண்டுமென்றும் இடைவிடாது வற்புறுத்தினார். கணக்கு, ஆராய்பவரின் கையில் விளக்கு. அதுவே நியாயாதிபதியின் ஆசனத்தில் ஏறும்போதுதான் கேடு விளைகிறது.

நாம் கோருவது இவ்வளவே: உத்தியோகம் அளிப்போர் விஞ்ஞானியின் கட்டுரைகளுள் சிலவற்றையேனும் படித்துத் தீர்ப்பளிக்கட்டும். பயிர்நோய் ஆராய்ச்சியாயின், அதன் முடிவு வயலில் பரீட்சிக்கப்பட்டதா, குடியானவருக்குத் தமிழில் எட்டிற்றா என்றும் விசாரிக்கட்டும். வாடும் பயிரைக் காப்பது இக்கல்வியின் கடமை. அக்கடமையை நிறைவேற்றியவர் கணக்கில் பின்தங்கியதற்காகத் தள்ளப்படுவாரானால், அத்தீர்ப்பு அப்பீலில் நிற்காது.