குறைமாதக் குழந்தையின் கண்: தொடாத கேமரா வந்தாலும் தேதியைத் தவறவிட்டால் ஆபத்து!

கடலூர்,

குறைமாதத்தில் பிறந்த குழந்தை. எடை ஏறிவிட்டது, நன்றாகப் பால் குடிக்கிறது. "இனி பயமில்லை" என்று வீட்டுக்குத் தூக்கிப் போகிறார்கள். ஆனால் கண்ணுக்குள் ஆபத்து வளரலாம். வெளியே பார்த்தால் தெரியாது.

விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நிறைமாதத்தில்தான் முழுசாக வளரும். முன்கூட்டியே பிறந்தால் அவை தாறுமாறாக வளரலாம். ஆக்சிஜன் அளவு மிஞ்சினால் இன்னும் மோசம். முற்றினால் விழித்திரை பிய்ந்து பார்வை போய்விடும்.

ரூ.1.8 கோடி

1996-ல் சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 29 வாரத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. எடை 1,250 கிராம். கண் பரிசோதனை நடக்கவில்லை. பார்வை பறிபோனது. தகப்பனார் கோர்ட்டு படி ஏறினார். சுமார் ரூ.1.8 கோடி நஷ்டஈடு தர 2015-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பணம் கிடைத்தாலும் பார்வை திரும்புமா?

தொடாத கேமரா

பழைய முறையில் இமையைக் கிளிப் போட்டு விரித்து, கண்ணை அழுத்திப் பார்ப்பார்கள். பச்சைக் குழந்தை துடித்துவிடும். சில கேமராக்களும் கண்மேல் பட்டுத்தான் படம் எடுக்கும்.

இப்போது செல்போனோடு லென்ஸ் சேர்த்து, கண்ணைத் தொடாமலே எடுக்க முடிகிறது. படத்தை வெளியூர் டாக்டருக்கு அனுப்பலாம். கர்நாடகத்தில் 2008 முதல் ஊர் ஊராகப் போய் படம் எடுத்து, பெங்களூர் டாக்டர்கள் பார்த்துச் சொல்கிறார்கள். அங்கே பயன்பட்டது கண்ணைத் தொடும் கேமரா. வழி ஒன்றுதான்.

ஆனால் ஒரு குறை. நோய் விழித்திரையின் ஓரத்தில் ஆரம்பிக்கும். தொடாத கேமராவில் ஓரம் சரியாக விழாது. நடுவில் குழாய்கள் புடைத்து நெளிந்திருந்தால் படம் காட்டிக் கொடுக்கும். ஆகவே அது சல்லடை மட்டுமே. முடிவு சொல்ல டாக்டர் நேரில் பார்த்தாக வேண்டும்.

30 நாள் கெடு

34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, எடை 2 கிலோவுக்குக் குறைந்தாலோ, 30 நாளுக்குள் முதல் பரிசோதனை. 28 வாரத்துக்கு முன் பிறந்தாலோ, 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தாலோ இன்னும் சீக்கிரம், 2 அல்லது 3 வாரத்தில். லேசர் தேவை என்றால் 2, 3 நாளில் செய்தாக வேண்டும்.

கடலூரில் அரசு தலைமை ஆஸ்பத்திரி, சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ரோட்டில் தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி என இடங்கள் உண்டு. காட்டுமன்னார்கோவில் தாய் கைக்குழந்தையோடு பஸ் மாறி மாறி அலைவதற்குப் பதில், படம் பயணம் போனால் நல்லதுதான். ஆனால் கேமரா அலைச்சலைத்தான் மிச்சப்படுத்தும். கெடுவைத் தள்ளிப் போடாது.

டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனை தேதி இருக்கிறதா? பெற்றோர் அதைப் பார்த்த பிறகே ஆட்டோ ஏற வேண்டும்!