சக்குபந்தியில் மிஞ்சிய பெயர்கள்

பஞ்சமி நிலம் பற்றிப் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். ஆனால் ஒரு சர்வே எண்ணை எடுத்து, முதலில் அது யாருக்குக் கொடுக்கப்பட்டது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று தேடி எழுதியவர்கள் எங்களில் மிகச் சிலர்.

ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுக்க வேண்டும் என்று செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் அறிக்கை கொடுத்தது 1891-இல். மறு ஆண்டே அதற்கான அரசாணை வந்தது; அப்படிக் கொடுக்கப்பட்டதே பஞ்சமி நிலம். பத்து ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட மக்களுக்குள்தான் விற்கலாம், மீறினால் கிரயம் செல்லாது என்பது நிபந்தனை. 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்ற கணக்கை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிவந்தோம். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். நினைவு நாளில் அவர்கள் பெயரைப் போடுகிறோம். அவர்கள் எந்தக் கேள்விக்காக உயிரைவிட்டார்களோ, அந்தக் கேள்வியோடு தாலுகா ஆபீஸ் படியேறவில்லை.

தேட வழியில்லாமல் இல்லை. 1979 முதல் 1987 வரை நடந்த யூ.டி.ஆர். நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல நிலங்கள் புது உட்பிரிவும் புதுப் பெயரும் பெற்றன. இன்று கணினியில் வரும் சிட்டா அதற்குப் பிந்தைய கதையைத்தான் சொல்லும். அதற்கு முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேட்க வேண்டும். பழைய அ-பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் ‘டி.சி.’ என்று இரண்டே எழுத்து இருக்கும். ‘டிப்ரஸ்ட் கிளாஸ்’, அதாவது ஒடுக்கப்பட்ட வகுப்பு என்ற அதன் பொருள் வருவாய்த் துறைக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் கிழிந்துபோயிருந்தாலும் கதவு அடைபடுவதில்லை. பழைய பத்திரிகைகளின் கோர்ட் ஏல விளம்பரங்களில் சொத்து விவரம் இருக்கும். அதில் சக்குபந்தி, அதாவது நான்கெல்லை, இருக்கும். ‘இன்னார் நிலத்துக்கு மேற்கு’ என்று அதில் அச்சாகியிருக்கும் இன்னார் யார்? தன் பட்டாவிலிருந்தே பெயர் போன ஒருவர், பக்கத்து நிலத்துக்காரரின் ஏலத்தில் எல்லையாக நின்றுகொண்டிருப்பார். பக்கத்து நிலத்தின் தாய்ப்பத்திரத்திலும் அப்படியே. பழைய பத்திரங்களில் தகப்பன் பெயரும் சாதியும் சேர்த்தே எழுதியிருப்பார்கள் என்பதால் ஆளை அடையாளம் காண்பதும் அவ்வளவு சிரமமில்லை.

எங்கள் தாள்களிலேயே அச்சான சாட்சியம் இது. காசு வாங்கி அச்சிட்டோம், மறுநாள் மறந்தோம். தலையங்கத்தையும் அட்டைப்படத்தையும் பைண்ட் செய்து வைத்த அலுவலகங்களில்கூட, இந்த விளம்பரங்கள் வந்த மாவட்டப் பதிப்புகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மிஞ்சியவற்றைத் தேடி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும்.

நிலத்தை இழந்த குடும்பமோ கூலியை விட்டுவிட்டு நகல் மனுவோடு அலைகிறது. ‘ரெக்கார்டு இல்லை’ என்ற பதிலை எங்களிடம் கொண்டுவந்து காட்டியவர்களிடம் பேட்டி எடுத்தோம், படம் எடுத்தோம். கூடப் போய் அந்தப் பதிவேட்டைக் கேட்கவில்லை. தாலுகாவுக்கு ஒரு நிருபர் வைத்திருக்கிறோம். பழைய சர்வே எண்ணையும் புது எண்ணையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள பெயர்களை அச்சிடும் வேலையை அவர்களுக்கு நாங்கள் இன்னும் கொடுக்கவில்லை.