உரமானியம் விதைப்புக்கு முன் வரட்டும், வயல் செய்பவருக்கே வரட்டும்

நெற்செய்கைக்கான உரமானியம் தொடர வேண்டும். அதைக் காசாகவே தரலாம். ஆனால் விதைப்புக்கு முன்னர் தர வேண்டும். உண்மையில் வயல் செய்பவர் கையில் தர வேண்டும். யாருக்கு எவ்வளவு போனது என்பதை ஊர் பார்க்கும்படி வைக்க வேண்டும். பூவரசங்குளம் பகுதிக் கமக்காரர்களாகிய எங்கள் நிலைப்பாடு இதுதான்.

இந்த நாட்டில் பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. 2005 இன் பின்னர் 50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்தது. 2016 இல் மூடைக்குப் பதில் காசு வந்தது. 2018 இல் மறுபடி மூடை, 500 ரூபா. அதன் பின் இலவசம் என்றார்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியையே தடை செய்தார்கள். நவம்பரில் தடை விலகியபோது காலபோகப் பயிர் வயலில் நின்றது. கொழும்பில் எடுக்கும் ஒரு முடிவு ஒரு போகத்தையே அழிக்கும் என்பதை அந்த ஆண்டு எல்லோரும் கண்டோம்.

2024/25 காலபோகத்தில் ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்த மானியம் 25,000 ஆனது. ஏக்கருக்குப் பார்த்தால் ஏறக்குறைய 10,000 ரூபா. இந்த உயர்வை வரவேற்கிறோம். எங்கள் குறை தொகையில் அல்ல, அது வரும் காலத்தில்தான். விதைத்து இரண்டாம் கிழமையில் முதல் யூரியா எறிய வேண்டும். பயிர் அதற்காகக் காத்திராது. காசு வந்து சேராவிட்டால் கடையில் கடனுக்கு எடுக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டு நகையை அடகு வைக்க வேண்டும். பிறகு வரும் மானியம் பசளைக்குப் போவதில்லை, வட்டிக்குப் போகிறது. சின்னக் குளங்களையும் மழையையும் நம்பி விதைக்கும் எங்களுக்கு நாள் பிந்துவது விளைச்சல் குறைவதுதான். ஆகவே பகுதி பகுதியாகப் பிரிக்காமல், விதைப்புக்கு முன்னரே முழுத் தொகையையும் வங்கியில் இட வேண்டும்.

அடுத்தது, யாருக்கு என்ற கேள்வி. போரில் இடம்பெயர்ந்து உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்த குடும்பங்கள் வன்னியில் ஏராளம். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, குத்தகைக்கு எடுத்து வயல் செய்பவர்களும் இருக்கிறார்கள். கணவரை இழந்த பெண்கள் செய்யும் வயல் இன்னமும் கணவரின் பெயரிலேயே கிடக்கிறது. உறுதியில் உள்ள பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தால் சேற்றில் நிற்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. ஒவ்வொரு போகமும் கமநல சேவை உத்தியோகத்தர் வயலுக்கு வந்து, கமக்காரர் அமைப்பின் முன்னிலையில் செய்கையாளரைப் பதிவு செய்ய வேண்டும். காணிச் சொந்தக்காரரின் உரிமையை இது தொடாது என்பதையும் எழுத்தில் சொல்ல வேண்டும். அந்தப் பயம்தான் பல குத்தகைக்காரரைப் பதிவிலிருந்து விலக்கி வைக்கிறது.

இது பொதுமக்களின் வரிப்பணம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பண்ணை மானிய விபரங்களை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. எங்களுக்கும் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஆனால் கேட்டு விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும் என்றில்லாமல், பெயர், ஏக்கர், தொகை மூன்றையும் கமநல சேவை நிலையச் சுவரில் ஒட்டிவிடலாம். பிழையான ஏக்கர் கணக்கை ஊரவர்களே கண்டுபிடிப்பார்கள்.

மூடையாகத் தருவதே நல்லது என்று எங்களுக்குள்ளேயே சிலர் சொல்கிறார்கள். காசு கைக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் கரைந்துவிடும் என்பது அவர்கள் பயம். அது நியாயமான பயம். ஆனாலும் மூடை வந்து சேராத போகங்களையும் பார்த்திருக்கிறோம். காசு இருந்தால் எந்தப் பசளை, எப்போது, எவ்வளவு, மாட்டெருவும் சேர்ப்பதா என்பதை மண்ணை அறிந்தவரே தீர்மானிக்கலாம்.

மேட்டுக்காணியில் உழுந்தும் கச்சானும் எள்ளும் செய்பவர்களையும் இந்தத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். அவர்களும் கமக்காரர்களே.

விவசாய அமைச்சும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் அடுத்த காலபோகத்துக்குரிய செய்கையாளர் பதிவை இப்போதே தொடங்க வேண்டும் எனக் கேட்கிறோம். எங்கள் பகுதியில் அந்தப் பதிவுக்கு வேண்டிய எல்லா உதவியையும் நாங்கள் செய்வோம்.