இரண்டு ஊர்களில் ஒரு குடும்பம்

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் கரையோரத்திலும் தஞ்சமடைந்தனர். 2009 இல் யுத்தம் முடிவுற்றதும் மீள்குடியேற்றத்திற்கு வழி பிறந்தது. ஆயினும் மன்னார், முசலிப் பகுதிகளில் காணியும் தொழிலும் உள்ளவர்களில் பலர் தனித்தே சென்றனர். பிள்ளைகளின் கல்வி கருதிக் குடும்பங்கள் புத்தளத்திலேயே தங்கின.

இலவன்குளம், மறிச்சுக்கட்டி ஊடான நேர்வழி வில்பத்து வனத்தினுள் செல்வதால் அவ்விவகாரம் நீதிமன்றம் வரை சென்றது. அநுராதபுரம், மதவாச்சி வழியாகச் செல்வதோ நெடுஞ்சுற்று. நோன்பு துறக்கும் நேரமும் சிலருக்கு பஸ்ஸிலேயே கழிகிறது. வார இறுதியில் விருந்தாளியைப் போல் தந்தை வந்து போகிறார். பிள்ளைகளின் படிப்பும் ஒழுக்கமும் தாயின் தனிச்சுமையாகின்றன.

இவர்களை ஊர் திரும்ப விரும்பாதவர்கள் எனக் குறைகூறுவது நியாயமன்று. பிழைப்பு ஓரிடத்திலும் பாடசாலை வேறிடத்திலும் இருந்தால் பெற்றோர் என்ன செய்வர்?

வனத்தைப் பேணுவது அவசியமே. எனினும் பாதைப் பிரச்சினை தீரும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. முசலிப் பாடசாலைகளில் விஞ்ஞான, கணித ஆசிரியர்களும், கிராமங்களில் வைத்திய வசதியும் வீடுகளும் உறுதிசெய்யப்பட்டால் குடும்பங்கள் தாமாகவே திரும்பும். அதுவரை வேலை நேரத்திற்கேற்ற பஸ் சேவையேனும் வேண்டும். குடும்பம் ஒன்றுசேராதவரை மீள்குடியேற்றம் நிறைவுற்றதாக நாம் கொள்ள முடியாது.