இறங்கும் படியும் ஏறும் படியும்

கால்பந்துப் பருவத்தின் இறுதி வாரங்களில், முதலிடம் யாருக்கு என்னும் பேச்சைவிடக் கடைசி மூன்று இடங்கள் யாருக்கு என்னும் பேச்சே சில ஆண்டுகளில் உரக்கக் கேட்கிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் 20 அணிகள் உள்ளன. ஒவ்வோர் அணியும் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. வெற்றிக்கு 3 புள்ளிகள். சமநிலைக்கு 1 புள்ளி. பருவ முடிவில் பட்டியலின் அடியில் நிற்கும் மூன்று அணிகள், சாம்பியன்ஷிப் எனப்படும் இரண்டாம் நிலைப் போட்டிக்கு இறக்கப்படுகின்றன. அங்கிருந்து மூன்று அணிகள் மேலேறி வருகின்றன. இந்த விதி கொடியதா, நேர்மையானதா? ரசிகர்களிடையே ஆண்டுதோறும் எழும் வழக்கு இது.

2023 மே 28 அன்று நடந்ததை இவ்வழக்குக்குச் சான்றாகக் கொள்ளலாம். சவுத்தாம்ப்டன் அணி முன்னரே வீழ்ந்துவிட்டது. எவர்ட்டன் 33 புள்ளிகளுடனும், லெஸ்டர் சிட்டி, லீட்ஸ் யுனைடெட் ஆகியவை தலா 31 புள்ளிகளுடனும் நின்றன. மூன்றில் ஒன்றுக்கே இடமுண்டு. பிறர் முடிவை அறிந்துகொண்டு எவரும் ஆடலாகாது என்பதற்காக, இறுதி நாள் ஆட்டங்கள் அனைத்தும் ஒரே நேரத்தில் தொடங்கின.

34-ஆம் நிமிடத்தில் லெஸ்டர் ஒரு கோல் அடித்தது. எவர்ட்டனோ இன்னும் கோல் அடிக்கவில்லை. அந்நிலையில் இரண்டும் 34 புள்ளிகள் பெறும். கோல் வேறுபாட்டில் முந்திய லெஸ்டரே தப்பிக்கும். ஆனால் 57-ஆம் நிமிடத்தில் எவர்ட்டன் வீரர் அப்துலாயே டூக்கூரே அடித்த பந்து வலைக்குள் பாய்ந்தது. எவர்ட்டன் 1-0 என வென்று 36 புள்ளிகளுடன் நிலைத்தது. லெஸ்டர் 2-1 என வென்றும் 34 புள்ளிகளுடன் இறங்கியது. லீட்ஸ் 1-4 எனத் தோற்று, அதுவும் இறங்கியது.

“வென்ற அணி வீழ்வதா? ஏழே ஆண்டுகளுக்கு முன், 2016-இல், இதே போட்டியில் பட்டம் வென்ற அணியன்றோ இது!” என்பது ஒரு சாராரின் ஆற்றாமை. “ஒரு நாள் வெற்றி 37 நாள்களின் கணக்கை அழிக்காது, யானைக்கும் அடி சறுக்கும்” என்பது மறுசாராரின் விடை. முன்னவரின் வருத்தத்தைப் புறந்தள்ள இயலாது. கீழிறங்கும் அணிக்குத் தொலைக்காட்சி வருவாய் பெரிதும் குறைகிறது. சிறந்த வீரர்கள் வேறு அணிகளுக்குச் செல்கின்றனர். களத்தில் இறங்கி ஆடாத பணியாளர்களும் வேலை இழக்க நேரிடலாம். பிறர் செய்த பிழைக்கு அவர்கள் துன்புறுவது நியாயமன்று.

ஆயினும், அத்துன்பத்துக்கு மருந்து விதியை நீக்குவதன்று. வீழ்ந்த அணிகள் நிலைகுலையாதிருக்கச் சில ஆண்டுகளுக்கு நிதியுதவி தரும் ஏற்பாடு அங்கு ஏற்கெனவே உள்ளது. அவ்வுதவி எளிய பணியாளர்களுக்கும் உரிய முறையில் சென்று சேர வழி காண்பதே தக்கது.

விதி ஏன் வேண்டும் என்பதற்கு லூட்டன் டவுன் அணியே விடை. 2014 வரை ஐந்தாம் நிலையில் ஆடிய சிறிய அணி அது. லெஸ்டர் வீழ்ந்த நாளுக்கு முந்தைய நாள், வெம்பிளி அரங்கில் கோவென்ட்ரி அணியைப் பெனால்டி முறையில் வென்று, முதன்முறையாகப் பிரீமியர் லீகினுள் நுழைந்தது. மேலே எவரும் இறங்காவிடில், கீழிருந்து ஏறுவோருக்கு இடம் ஏது? மறு ஆண்டே லூட்டனும் இறங்கியது. எனினும், பெரிய அணிகளோடு சமமாய் நின்று ஆடும் உரிமையை அவ்வூர் உழைத்துப் பெற்றது.

2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் 12 பெரிய அணிகள் ‘சூப்பர் லீக்’ என்னும் புதுப்போட்டியை அறிவித்தன. நிறுவும் அணிகள் எந்நாளும் வெளியேற்றப்படா என்பது அதன் ஏற்பாடு. அதனால் பயன்பெறவிருந்த அணிகளின் ரசிகர்களே அதனை எதிர்த்து வீதியில் திரண்டனர். இரண்டே நாள்களில் ஆறு ஆங்கில அணிகளும் விலகின. தோற்றாலும் இழப்பில்லை என்னும் ஆட்டத்தில், வென்றாலும் பெருமையில்லை என்பதை அந்த ரசிகர்கள் உணர்ந்திருந்தனர்.

லெஸ்டர் 2024-இல் இரண்டாம் நிலையில் முதலிடம் பெற்று மேலேறியது; 2025-இல் மீண்டும் இறங்கியது. ஏறினும் இறங்கினும் தம் அணிக்காக அரங்கில் வந்து அமர்வோரே மெய்யான ரசிகர். வீழ்ச்சியைத் தடுக்கும் சுவர் விளையாட்டுக்கு வேண்டா. வீழ்ந்தவர் மீண்டும் ஏறிவரப் படி இருந்தால் போதும்.

சிந்தித்து எழுதுக

1. இறுதி நாள் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்குவது ஏன்?
2. வென்ற பின்னும் லெஸ்டர் அணி கீழிறங்கியது எவ்வாறு? புள்ளிகளைக் கொண்டு விளக்குக.
3. கீழிறக்கும் விதி தேவையா? இக்கட்டுரையின் கருத்தை ஏற்றோ மறுத்தோ ஒரு பத்தி எழுதுக.